ராத்திரியில் குழந்தைக்குக் கால் வலி: எந்த வலிக்கு என்ன செய்வது?

முதலில் விளக்கைப் போடுங்கள். இருட்டிலேயே காலை அமுக்கிவிட்டுத் தூங்க வைத்துவிடலாம்தான், பெரும்பாலான நாள்களில் அதுவே போதும். ஆனால் வீக்கம், சிவப்பு, தோலில் புள்ளி, பூச்சிக்கடி, இறுகிப்போன கொலுசு இதெல்லாம் வெளிச்சத்தில்தான் தெரியும். அரை நிமிட வேலை.

“எங்கே வலிக்குது கண்ணு, காட்டு” என்று கேட்டுவிட்டு, குழந்தையின் வாயைக் கவனிக்காமல் கையைக் கவனியுங்கள். உள்ளங்கையால் தொடையையோ கெண்டைக்காலையோ பரவலாகத் தேய்த்துக் காட்டுகிறதா, ஒரே விரலால் ஒரே புள்ளியைத் தொட்டுக் காட்டுகிறதா? பரவலாகக் காட்டினால் பெரும்பாலும் தசை வலி. ஒரே புள்ளி என்றால் அந்த இடத்தை மறுநாள் பகலிலும் பார்க்க வேண்டும்.

நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதோடு விடாமல் தெர்மாமீட்டர் வையுங்கள். பிறகு இரண்டு முழங்கால்களையும் மடக்கி நீட்டிப் பாருங்கள். கடைசியாக, “வா, ஒன்னுக்குப் போயிட்டு வரலாம்” என்று நாலு அடி நடக்கவிடுங்கள். தூக்கிக்கொண்டு போனால் பாதி விஷயம் தெரியாமல் போய்விடும்.

இன்னொரு சோதனை மறுநாள் காலையில் இருக்கிறது. ராத்திரி எவ்வளவு அழுதது என்பதைவிட, விடிந்ததும் எப்படி எழுந்து நடந்தது என்பதுதான் கணக்கு. கீழே சொல்லியிருப்பதில் பாதி, இந்தக் காலை நடையை வைத்துத்தான்.

இரண்டு காலும் வலிக்கிறது. அமுக்கினால் சுகமாக இருக்கிறது. காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். வளர்ச்சி வலி என்பார்கள். பாட்டிமார் மொழியில் கால் உளைச்சல், கால் குடைச்சல். ஏறக்குறைய 3 வயதிலிருந்து 12 வயது வரைக்கும் வரும். தொடையின் முன்பக்கம், கெண்டைக்கால், முன்னங்கால், முழங்காலுக்குப் பின்பக்கம் என்று சதையில் வலிக்கும், மூட்டுக்குள் வலிக்காது. சாயங்காலமோ, தூங்கி ஓரிரு மணி நேரத்திலோ ஆரம்பிக்கும். தொடர்ந்து இரண்டு மூன்று ராத்திரி வரும், அப்புறம் வாரக்கணக்கில் காணாமல் போகும். ஸ்போர்ட்ஸ் டே, திருவிழா, கடற்கரை என்று நாள் முழுக்க ஆடிய அன்றைக்குக் கட்டாயம் வரும் என்று நிறையத் தாய்மார்கள் சொல்வார்கள். அது சரிதான்.

1823-இல் துஷான் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை எழுதி வைத்தார். அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகள் ஆகியும் காரணம் முழுதாகப் பிடிபடவில்லை. எலும்பு நீளுவதால் வலிக்கிறது என்பது மட்டும் பொருந்தவில்லை. குழந்தை மிக வேகமாக வளர்வது முதல் வயதிலும் பருவ வயதிலும், இந்த வலி அதிகம் வருவதோ இரண்டுக்கும் நடுவில். பகலில் சதைக்குக் கிடைத்த வேலை, சில குழந்தைகளுக்கு இயல்பாகவே வலி சீக்கிரம் தெரிவது, குடும்ப வாகு என்று பலதும் சேர்ந்திருக்கலாம். ஆஸ்திரேலியாவில் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 37 விழுக்காட்டினருக்கு இந்த வலி இருந்தது. அதாவது மூன்றில் ஒரு குழந்தைக்கு. “எம்பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி” என்று நினைக்கத் தேவையில்லை.

அந்த ராத்திரிக்கு என்ன செய்வது?

அமுக்கிவிடுங்கள். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ, வீட்டில் இருப்பதை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் வழுக்குவதற்கு மட்டும்தான், வேலை செய்வது கைதான். கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி, கீழிருந்து மேலாக நீவுங்கள். கெண்டைச் சதையை இரண்டு கைக்குள்ளும் வாங்கி, மாவு பிசைவது போல மெதுவாகப் பிசையலாம். முட்டி எலும்பின் மேலும் முன்னங்கால் எலும்பின் மேலும் அழுத்த வேண்டாம். ஐந்து பத்து நிமிடத்தில் பெரும்பாலும் கண் சொருகிவிடும்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் ஒத்தடம். சுடுநீர்ப் பையைத் துண்டில் சுற்றி, உங்கள் முன்கையின் உட்பக்கத்தில் முதலில் வைத்துப் பாருங்கள். கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடமும் சரி, ஆனால் உப்பு சூட்டை விடாமல் வைத்திருக்கும். நமக்கு இதமாக இருக்கும் சூடு குழந்தைத் தோலுக்கு அதிகம். குழந்தை தூங்கியதும் பையை எடுத்துவிடுங்கள்.

தைலம்? பெரியவர்களுக்கான காட்டமான வலித்தைலங்கள் வேண்டாம். கற்பூரம் சேர்ந்தவை சிறு குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் ஆபத்து, கையில் தடவியது கண்ணுக்குப் போக ஒரு நொடி போதும். இவ்வளவு ஆபத்தை வாங்கிக்கொண்டு கிடைக்கும் கூடுதல் பலன், வெறும் எண்ணெயில் கிடைப்பதைவிடப் பெரிதாக இல்லை.

அமுக்கி, ஒத்தடம் கொடுத்தும் அழுகை நிற்காத ராத்திரிக்கு பாராசிட்டமால் சிரப் கொடுக்கலாம். ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 16 கிலோ குழந்தை என்றால் 160 முதல் 240 மி.கி. இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. உள்ள பாட்டிலும் கடையில் கிடைக்கிறது, 250 மி.கி. உள்ளதும் கிடைக்கிறது. பெயர் ஒன்றே, பலம் இரட்டிப்பு. தூக்கக் கலக்கத்தில் “எப்பவும் கொடுக்கிற அளவு” என்று ஊற்றாமல் லேபிளைப் படியுங்கள். அடுத்த வேளைக்கு ஆறு மணி நேரமாவது போகட்டும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வீட்டில் கொடுக்கவே கூடாது. பெரியவர்களின் வலி மாத்திரையை உடைத்துக் கால்வாசி கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

“நடிக்கிறான், பள்ளிக்கூடம் போகாம இருக்க இது ஒரு சாக்கு” என்று வீட்டில் யாராவது சொல்லுவார்கள். காலையில் குதித்து ஓடுவதால் வரும் சந்தேகம் அது. காலையில் சரியாகிவிடுவதுதான் இந்த வலியின் அடையாளமே. ராத்திரி வலி பொய்யில்லை.

அதே வலி வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வந்துகொண்டே இருக்கிறது

ராத்திரி அமுக்குவது அன்றைக்கு மட்டும்தான் உதவும். அடிக்கடி வருகிறது என்றால், வலி இல்லாத நேரத்தில் சதையை நீட்டிப் பழக்க வேண்டும். 1988-இல் வெளியான ஒரு கனடா ஆய்வில், காலையும் மாலையும் பெற்றோர் கையாலேயே கால் தசைகளை நீட்டிவிட்ட குழந்தைகளுக்கு, அப்படிச் செய்யாதவர்களைவிட வெகு சீக்கிரம் வலி விட்டுப்போனது. சின்ன ஆய்வுதான், 36 குழந்தைகள். ஆனால் செலவில்லாத, தீங்கில்லாத வைத்தியம் என்பதால் செய்து பார்க்கலாம்.

கெண்டைக்காலுக்கு: குழந்தை மல்லாந்து படுத்து, முழங்கால் நீட்டியிருக்க, ஒரு கையால் குதிகாலைத் தாங்கி, மறு கையால் பாதத்தை முகத்தை நோக்கித் தள்ளுங்கள். தொடையின் பின்பக்கத்துக்கு: முழங்காலை மடக்காமல் காலை மெதுவாக மேலே தூக்குங்கள், இழுக்கிறது என்று சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். தொடையின் முன்பக்கத்துக்கு: குப்புறப் படுக்க வைத்து, குதிகாலைப் பிட்டம் நோக்கி மடக்குங்கள். ஒவ்வொன்றிலும் இருபது எண்ணும் வரை வைத்திருந்து விடுங்கள், ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. எண்ணும் வேலையைக் குழந்தையிடமே கொடுத்துவிட்டால் அடம் குறையும். வலிக்க வலிக்க இழுப்பது கூடாது.

திடீரென்று அலறல், கெண்டைக்கால் கல்லாக இறுகியிருக்கிறது

இது குரக்களி. தொட்டாலே தெரியும், சதை உருண்டு நிற்கும். ஒரு காலில் மட்டும் பிடிக்கும், சில நொடியிலிருந்து சில நிமிடத்துக்குள் விட்டுவிடும். பிடித்திருக்கும்போது பிசைய முயலாதீர்கள். முழங்காலை நீட்டி, கால் விரல்களை முகத்தை நோக்கி மடக்கிப் பிடியுங்கள். இறுக்கம் விட்டதும் அமுக்கலாம், நாலு அடி நடக்க வைக்கலாம். மறுநாள் காலையில் அந்த இடம் கொஞ்சம் நோவு காட்டுவது சகஜம். வாழைப்பழம் நல்ல பழம்தான், ஆனால் அது குரக்களியை நிறுத்திவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

வலி என்று சொல்லத் தெரியவில்லை. “கால் என்னமோ பண்ணுது” என்று உதைத்துக்கொண்டே இருக்கிறது

படுத்ததும் ஆரம்பிக்கும். காலை ஆட்டினால், எழுந்து நடந்தால் சரியாகும், மறுபடி படுத்தால் மறுபடி வரும். “பூச்சி ஊர்ற மாதிரி இருக்கு” என்று சில குழந்தைகள் சொல்லும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இதே தொல்லை இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இது ஓய்வில்லாக் கால் தொல்லை, பல குழந்தைகளுக்கு இதன் பின்னால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பில் இருப்பு குறைவாக இருக்கலாம். அதனால் அந்த இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

நம்மூரில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பால் நல்லது என்று நாளைக்கு முக்கால் லிட்டர் குடிக்க வைத்து, சோற்றுக்கு இடமில்லாமல் செய்துவிடும் வீடுகள் நிறைய. அரை லிட்டர் தாராளம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, ஈரல், மீன் இவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேரட்டும். சாப்பாட்டோடு டீ வேண்டாம். இரும்புச்சத்து சிரப்பை எடை பார்த்து மருத்துவர் சொன்ன அளவுக்குத்தான் கொடுக்க வேண்டும். பாட்டில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. சளிக்குக் கொடுக்கும் தூக்க மருந்துகளில் சில இந்தத் தொல்லையைக் கூட்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கொஞ்சம் நடந்தாலே “தூக்கு, தூக்கு”. சாயங்காலமே கால் வலி

மூட்டுகள் ரொம்ப வளைகிறதா என்று பாருங்கள். கட்டை விரலை மடக்கினால் முன்கையைத் தொடுகிறது, முழங்கை பின்னால் வளைகிறது என்றால் சதைதான் மூட்டைத் தாங்க அதிகம் உழைக்கிறது. குதிகாலைச் சரியாகப் பிடிக்கும் ஷூ, நீச்சல், சைக்கிள் உதவும். தட்டைப் பாதம் ஐந்தாறு வயது வரைக்கும் சாதாரணம், அதற்காக விலை உயர்ந்த ஷூ வாங்க அவசரப்படாதீர்கள்.

ஆண் குழந்தை, மாடிப்படி ஏறச் சிரமப்படுகிறான், தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுகிறான், கெண்டைக்கால் மட்டும் பருத்திருக்கிறது என்றால் அது களைப்பில்லை. தசை நோய் இருக்கிறதா என்று குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நடக்கத் தாமதம், வளைந்த கால், மணிக்கட்டு தடித்திருக்கிறது

வைட்டமின் டி குறைவாக இருக்கலாம். 2016–18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 5 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 18 விழுக்காட்டினருக்குக் குறைபாடு தெரிந்தது. இவ்வளவு வெயில் அடிக்கும் நாட்டில் இது வேடிக்கையாகத்தான் இருக்கும். வேன் ஏறிப் பள்ளி, வேன் ஏறி வீடு, அப்புறம் டியூஷன் என்றால் வெயில் எங்கிருந்து படும்?

கால் வலி என்றதும் மெடிக்கலில் கால்சியம் சிரப் வாங்குவது நமக்குக் கை வந்த பழக்கம். சாதாரண வளர்ச்சி வலிக்கு அது எதுவும் செய்வதில்லை. அதைவிடக் கவலை, 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட். வாரம் ஒன்று, இத்தனை வாரம் என்று மருத்துவர் எழுதியதைத் தினம் ஒன்று என்று கொடுத்துவிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதிய சீட்டை வைத்து வாங்கவே கூடாது.

காய்ச்சல் விட்டு ஓரிரு நாள். காலையில் எழுந்ததும் நடக்க மாட்டேன் என்கிறது

ஃப்ளூ போன்ற வைரஸ் காய்ச்சல் தணியும் சமயத்தில் இரண்டு கெண்டைக்காலும் நோவெடுத்து, குழந்தை குதிகால் தரையில் படாமல் நடக்கும். பெற்றோர் பதறிப்போவார்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே சரியாகிவிடும், ஆனாலும் அன்றைக்கே ஒரு முறை காட்டிவிடுங்கள். சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனால் உடனே மருத்துவமனை.

மழைக்காலமாக இருந்தால் டெங்குவையும் நினைக்க வேண்டும். டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மருந்து வேண்டாம். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டும்.

எப்போதும் ஒரே கால், ஒரே இடம்

இதை வளர்ச்சி வலி என்று தள்ளிப்போடாதீர்கள். இரண்டு மூன்று முறை அதே இடத்தைக் காட்டினால் மருத்துவரிடம் போய்விடுங்கள், பெரும்பாலும் எக்ஸ்ரே எடுப்பார்கள்.

“முட்டி வலிக்குது” என்று சொல்லும் குழந்தைக்கு முட்டியில் ஒன்றுமே இருக்காது, கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கித் தொடையை நேராக மேலே தூக்குங்கள். தொடை அசையாமல் இருக்க, பாதத்தை மட்டும் மெதுவாக வெளிப்பக்கம் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் எளிதாகத் திரும்புகிறது, மறுபக்கம் பாதியில் நிற்கிறது அல்லது முகம் சுளிக்கிறது என்றால் இடுப்பு மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 4 முதல் 8 வயதில், குறிப்பாகப் பையன்களுக்கு, தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறையும் பெர்த்தீஸ் நோய் இப்படித்தான் லேசான நொண்டலோடு ஆரம்பிக்கும்.

ராத்திரி ஒரே புள்ளியில் கடுக்கிறது, இபுப்ரோஃபென் கொடுத்தால் மந்திரம் போட்டதுபோல் அடங்குகிறது, மறுநாள் ராத்திரி மறுபடி. இது எலும்பில் வரும் சிறு தீங்கற்ற கட்டியாக இருக்கலாம். மருந்துக்கு அடங்குகிறதே என்று விட்டுவிடக் கூடாது.

காலையில்தான் மோசம், நேரம் போகப் போகச் சரியாகிறது

வளர்ச்சி வலிக்கு நேர் எதிர். தூங்கி எழுந்ததும் விறைத்துக்கொண்டு, விந்தி விந்தி நடந்து, பத்து மணிக்கு மேல் விளையாடப் போகிறது, முட்டியோ கணுக்காலோ உப்பலாக இருக்கிறது என்றால் குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதமாக இருக்கலாம். வலி குறைவாகவும் வீக்கம் அதிகமாகவும் இருக்கும் என்பதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். இதோடு கண்ணிலும் சத்தமில்லாமல் அழற்சி வரும் என்பதால் கண் மருத்துவரும் பார்க்க வேண்டியிருக்கும்.

வெளிறிய முகம், தானாக வரும் கன்றிப்போன திட்டுகள், எடை குறைவு, விட்டு விட்டுக் காய்ச்சல்

கால் வலியோடு இதில் ஏதாவது சேர்ந்தாலும், கழுத்திலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டியிருந்தாலும், ஈறில் ரத்தம் கசிந்தாலும் ஓரிரு நாளுக்குள் முழு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ரத்தப் புற்றுநோய் சில குழந்தைகளிடம் முதலில் எலும்பு வலியாகத்தான் தெரியும். அரிது என்றாலும், சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிவிடும் நோய் இது.

இன்றைக்கு ராத்திரியே கிளம்ப வேண்டியது எப்போது?

காய்ச்சலும் இருக்கிறது, காலை அசைக்கவோ தொடவோ விடவில்லை, ஊன்றி நிற்க மறுக்கிறது என்றால் மூட்டிலோ எலும்பிலோ சீழ் பிடித்திருக்கலாம். ஒத்தடமும் வேண்டாம், விடியட்டும் என்ற யோசனையும் வேண்டாம், சில மணி நேரத் தாமதமே மூட்டைக் கெடுக்கும். விழுந்த பிறகு கால் கோணலாகத் தெரிந்தாலும், அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் காய்ச்சலோடு வந்தாலும், கால் திடீரென்று பலம் இழந்து துவண்டாலும் அப்படியே. வண்டி இல்லை என்றால் 108.

மருத்துவரிடம் போகும்போது

எந்தெந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தக் கால், எவ்வளவு நேரம் என்று போனிலேயே குறித்து வையுங்கள். காலையில் எழுந்ததும் நடப்பதை ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக்குக்குள் போனதும் எல்லாக் குழந்தையும் ஒழுங்காக நடக்கும்.

அறிகுறிகள் வளர்ச்சி வலியோடு சரியாகப் பொருந்தினால் பரிசோதனையே தேவையில்லை. கால் வலி என்றாலே ஏ.எஸ்.ஓ. (தொண்டைக் கிருமி வந்து போனதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ஆர்.ஏ. ஃபேக்டர் (மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) என்று லேப் பேக்கேஜ் எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தொண்டைப் புண் வந்து போன எந்தக் குழந்தைக்கும் ஏ.எஸ்.ஓ. எண் ஏறி நிற்கலாம். குழந்தைகளின் மூட்டுவாதத்தில் பெரும்பாலும் ஆர்.ஏ. ஃபேக்டர் இருப்பதே இல்லை. ருமாட்டிக் காய்ச்சல் என்றால் தொண்டைப் புண் வந்து இரண்டு மூன்று வாரம் கழித்துப் பெரிய மூட்டுகள் வீங்கி, வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், இதயத்தையும் பார்க்க வேண்டிவரும். இது எதுவும் இல்லாமல், அந்த ஏ.எஸ்.ஓ. எண்ணை மட்டும் காட்டி மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி என்று யாராவது ஆரம்பித்தால், ஊசி போடுவதற்கு முன்னால் இன்னொரு குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.